எடை குறையட்டும், ஒலி குறைய வேண்டாம்

கம்ப்யூட்டர் இதழில் பேஸ் கிடாருக்கான ஆம்ப்ளிபயர் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன், அதில் வீடியோ பார்த்தே கிடார், பேஸ் கிடார், கீபோர்டு எனக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் இளைஞர்கள் இன்று பலர் இருக்கின்றனர். கீபோர்டு என்று இங்கே நான் குறிப்பிடுவது டைப் செய்யும் கீபோர்டினை அல்ல, இசைக் கருவியை. இவர்களில் பேஸ் கிடார் வாங்கியவர்கள் அடுத்ததாகச் செய்வது, அதன் கேபிளைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் செருகிப் பார்ப்பதுதான். சில நாட்களில் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். பின்னர் கடைக்குச் சென்று, பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ஒரு பெரிய ஆம்ப்ளிபயரை வாங்கி வருவார்கள். அதைத் தூக்க முடியாது.

இந்த இரண்டு தவறுகளையும் நான் செய்திருக்கிறேன். அதனால்தான் இதனை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: ரிகர்சலுக்கு ஆம்ப்ளிபயர் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது எடை. ஆனால் எடை குறைவானது என்பதும் சிறியது என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கினால் பணம் போகும். சில நேரங்களில் உடன் வாசிக்கும் ஆளும் போய்விடுவார்.

எக்ஸெல் சொல்லாத கணக்கு

எங்கள் குழு சிறியது. பாட்டு, கீபோர்டு, கிடார், பேஸ் கிடார், ட்ரம்ஸ். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று அழைக்கும் இடங்களில் வாசிக்கிறோம். பாதிப் பேர் விழுப்புரம். பாதிப் பேர் திண்டிவனம். ட்ரம்ஸ் செட்டினை வாராவாரம் கழற்றி மாட்ட முடியாது என்பதால், அது இருக்கும் திண்டிவனம் வீட்டு மாடியில்தான் ஞாயிறுதோறும் ரிகர்சல். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டி வழியாக பஸ்ஸில் போய் வருவோம்.

அப்போது பேஸ் வாசித்தவன் எங்களில் இளையவன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். குழுவின் பணத்தில் அவனுக்கு ஓர் ஆம்ப்ளிபயர் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்ஜினியரிங் படித்தவன், சாப்ட்வேர் வேலையில் இருப்பவன், இவனுக்குத் தெரியாததா என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். எக்ஸெல் ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்து, ஒரு ரூபாய்க்கு எத்தனை வாட்ஸ் கிடைக்கும் என்று மாடல் மாடலாகக் கணக்குப் போட்டேன். அதில் முதலிடம் பிடித்தது, 15 அங்குல ஸ்பீக்கருடன் கூடிய ஒரு பழைய செகண்ட் ஹேண்ட் பெட்டி. அந்த ஒர்க்‌ஷீட்டில் எடைக்கு என்று ஒரு நெட்டு வரிசையை நான் சேர்க்கவில்லை. பெட்டி 27 கிலோ இருந்தது.

அதனைத் திண்டிவனத்திலேயே விட்டு வைக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டு வைத்தால், வாரம் முழுவதும் விழுப்புரத்தில் அவன் பயிற்சி செய்ய ஒன்றும் இருக்காது. எனவே ஒவ்வொரு ஞாயிறும் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டிற்கு ஆட்டோ, பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட், திண்டிவனத்தில் இறங்கி மறுபடி ஆட்டோ, பிறகு மாடிப்படி. மாலையில் இதே பயணம் திரும்பவும்.

சில மாதங்களில் அவன் ஒரு ஞாயிறு வந்தால் அடுத்த ஞாயிறு வருவதில்லை. உடம்பு சரியில்லை என்பான், பரீட்சை என்பான். ஒரு நாள் அவன் அம்மா போனில் என்னிடம் சொன்னார். "உங்ககிட்ட சொல்ல கூச்சப்படறான் தம்பி. அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நீங்க வாங்கிக் கொடுத்ததாச்சேன்னு பேசாம இருக்கான்." அதன் பின் அவன் வரவில்லை. நல்ல கை, தாளம் தவறாத வாசிப்பு. என் ஒர்க்‌ஷீட்டில் முதலிடம் பிடித்த பெட்டி இப்போது என் வீட்டில் டிவிக்கு ஸ்டாண்டாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் இணைக்கலாமா?

அடுத்து வந்த பேஸ் கிடார் பெண், ஆம்ப்ளிபயர் வாங்கும் வரை தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் 2.1 ஸ்பீக்கரைக் கொண்டு வருகிறேன் என்றாள். சினிமாப் பாட்டு போட்டால் அறையே அதிரும் ஸ்பீக்கர் அது. நானும் சரி என்றேன். இது இரண்டாவது தவறு. இரண்டாவது வாரமே வூபர் கிழிந்து கரகரக்கத் தொடங்கியது.

ஏன் இப்படி? நான்கு கம்பி பேஸ் கிடாரின் மிகத் தடித்த கம்பி எழுப்பும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. ஐந்து கம்பி பேஸ் கிடார் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இவ்வளவு தாழ்ந்த ஒலியை உரக்கக் கொடுக்க வேண்டும் என்றால், ஸ்பீக்கர் கோன் அதிகத் தூரம் முன்னும் பின்னும் அசைந்து நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் சிறிய கோன் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. மேலும், ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாட்டில் திடீர் உச்சங்கள் ஏற்கனவே சமன் செய்யப்பட்டிருக்கும். நீங்கள் நேரடியாகக் கம்பியைச் சுண்டும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒவ்வொரு சுண்டலும் கோனுக்கு ஓர் அடி.

வாட்ஸ் எண் என்ற மாயை

2000 ஆண்டுகளில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகள் நினைவிருக்கும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் 400 வாட்ஸ், 1000 வாட்ஸ் என்று போட்டு, அருகில் சிறிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். ஒரு கண நேரம் மட்டும் எட்டக் கூடும் என்று கணக்கில் காட்டப்படும் எண் அது. அளக்க உறுதியான விதி எதுவும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படும் எண். ஆம்ப்ளிபயரின் குறிப்புத் தாளில் ஆர்.எம்.எஸ். இல்லாமல் பீக், மேக்ஸ் என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

ஆர்.எம்.எஸ். எண்ணாகவே இருந்தாலும், இரு மடங்கு வாட்ஸ் என்றால் இரு மடங்கு சத்தம் என்று அர்த்தமல்ல. வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதிற்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவில்தான் தெரியும். சத்தம் இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். எனவே 40 வாட்ஸ் மாடலுக்கும் 50 வாட்ஸ் மாடலுக்கும் உள்ள வித்தியாசத்திற்காகக் கூடுதலாகப் பணம் தர வேண்டாம். ஸ்பீக்கரின் சென்சிடிவிடி 94 டெசிபலுக்குப் பதில் 97 டெசிபல் என்றால், அது வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கடைக்காரர் சொல்லாத எண் இது. கேட்டுப் பெறுங்கள்.

எடை குறைந்தது எப்படி?

பேஸ் கிடாருக்கு ஆம்ப்ளிபயர் என்றாலே பெரும் சுமை என்றிருந்த காலம் உண்டு. லியோ பெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951ல் வந்தது. அடுத்த ஆண்டே அதற்கென பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிபயரும் வந்தது. பெரிய மேடைகளுக்காக அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969ல் எஸ்.வி.டி. என்ற 300 வாட்ஸ் ஆம்ப்ளிபயரைக் கொண்டு வந்தது. 14 வால்வுகள். ஸ்பீக்கர் இல்லாமல், ஆம்ப்ளிபயர் பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டி தனி. ஒரு நெல் மூட்டையைத் தூக்குவது போலத்தான்.

இன்று 200 வாட்ஸ் தரும் ஆம்ப்ளிபயர் பகுதி ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் கிடைக்கிறது. ட்ரேஸ் எலியட் நிறுவனத்தின் எல்ப் இதற்கு உதாரணம். ஆனால் இதற்கு ஸ்பீக்கர் பெட்டி தனியே வேண்டும். இது எப்படிச் சாத்தியமாயிற்று? விடையில் பாதி உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது.

முதலாவது எஸ்.எம்.பி.எஸ். டெஸ்க்டாப் கேபினட்டின் பின்புறம் பவர் கேபிள் செருகும் இடத்தில் மின்விசிறியுடன் இருக்கிறதே, அதே வகைதான். பழைய ஆம்ப்ளிபயரில் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தை நேரடியாக மாற்ற, பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டது. எடையில் பெரும் பங்கு அந்த இரும்புதான். எஸ்.எம்.பி.எஸ்., மின்சாரத்தை முதலில் நொடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்துப் போட்டு அதிர்வெண்ணை உயர்த்திக்கொள்கிறது. அதிர்வெண் உயர்ந்தால் டிரான்ஸ்பார்மர் சிறியதாக இருந்தாலே போதும்.

இரண்டாவது கிளாஸ் டி ஆம்ப்ளிபயர். டி என்றால் டிஜிட்டல் என்று பலர் நினைக்கின்றனர். அப்படி அல்ல, ஏ, பி, சி வகைகளுக்கு அடுத்து வந்ததால் டி. இதிலும் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறப்பதும் முழுதாக மூடுவதுமாக வேகமாக இயங்குகின்றன. நடு நிலையில் நிற்காததால் வெப்பமாக வீணாகும் சக்தி குறைவு. பழைய வகையில் எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போகும். கிளாஸ் டி வகையில் 90 சதவீதம் வரை போகும். வெப்பம் குறைந்தால், அதனை வெளியேற்ற வைக்கும் கனமான அலுமினியத் தகடுகளும் குறையும்.

மூன்றாவது நியோடிமியம் காந்தம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கப்பட்டது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஹெட்டினை நகர்த்தும் காந்தமும் இதுதான். சாதாரண பெரைட் காந்தத்தைவிட மிகச் சிறிய அளவில் அதே வலிமை தருவதால், ஸ்பீக்கரின் எடை கணிசமாகக் குறைகிறது. விலை கூடுதல் என்பதால் எல்லா மாடல்களிலும் இது இருக்காது.

எடை குறைவு வேறு, சிறியது வேறு

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகின்றனர். எடை குறைவானது வேண்டும் என்று கேட்டவுடன், 10 அல்லது 15 வாட்ஸ், 6 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பயிற்சி ஆம்ப்ளிபயரைக் கடைக்காரர் எடுத்து வைப்பார். விலையும் குறைவாக இருக்கும். படுக்கையறையில் தனியாக வாசிக்க அது போதும். ட்ரம்ஸ் தொடங்கியவுடன் அது காணாமல் போய்விடும். வாசிப்பவர் வால்யூமை முழுதாகத் திருப்புவார். ஒலி சிதறும். அப்போதும் கேட்காது. தன் வாசிப்பு தனக்கே கேட்காதவர் கம்பியை இன்னும் ஓங்கிச் சுண்டுவார், விரல் வலிக்கும், தாளம் முந்தும். ட்ரம்ஸ்காரர் இன்னும் பலமாக அடிப்பார். ரிகர்சல் முடியும்போது எல்லாருக்கும் காதில் ரீங்காரம் மட்டும் மிஞ்சும்.

நம் காது தாழ்ந்த ஒலிகளை நடுத்தர ஒலிகளைப் போல எளிதில் உணர்வதில்லை. பாட்டுக்காரரின் குரல் அளவிற்கு பேஸ் கேட்க வேண்டும் என்றால் அதற்குப் பல மடங்கு சக்தி வேண்டும். எனவே கிடார் ஆம்ப்ளிபயருக்குப் போதுமான வாட்ஸ், பேஸ் கிடாருக்குப் போதாது. என் அனுபவத்தில், ட்ரம்ஸ் உள்ள ரிகர்சலுக்கு 100 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் என்பது கீழ் எல்லை. ட்ரம்ஸ் இல்லாமல் கஹோன், தபலா அளவில் வாசிக்கும் குழு என்றால் 40 வாட்ஸ் போதும்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த அளவு வேண்டும் என்பதற்காக 27 கிலோ தூக்க வேண்டியதில்லை. பெண்டர் நிறுவனத்தின் ரம்பிள் வரிசையில், 12 அங்குல ஸ்பீக்கருடன் 100 வாட்ஸ் மாடல் சுமார் 10 கிலோ. 10 அங்குல ஸ்பீக்கருடன் 40 வாட்ஸ் மாடல் சுமார் 8 கிலோ. ஸ்பீக்கர் அளவைக் குறைத்து எடையைக் குறைக்கவில்லை. உள்ளே இருக்கும் தொழில்நுட்பத்தால் குறைத்திருக்கின்றனர். நீங்கள் தேட வேண்டியது இந்த வகையைத்தான். நிறுவனம் எதுவாகவும் இருக்கலாம்.

சிறிய பெட்டியில் 41 ஹெர்ட்ஸ் முழுமையாக வராதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே கம்பியிலிருந்து 82, 123 ஹெர்ட்ஸ் என மேல் அதிர்வுகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றைக் கேட்கும் மூளை, அடியில் உள்ள 41 ஹெர்ட்ஸைத் தானே நிரப்பிக்கொள்கிறது. போனின் சிறிய ஸ்பீக்கரில் இளையராஜா பாடலைக் கேட்டாலும் பேஸ் கிடார் எந்த ஸ்வரத்தில் நகர்கிறது என்று நமக்குப் புரிவது இதனால்தான். ரிகர்சலுக்குத் தேவை தெளிவு. தரை அதிர வேண்டிய வேலை மேடையில் மைக் செட்டுடையது.

மேடையை மைக் செட்காரர் பார்த்துக்கொள்வார்

"நாளைக்குப் பெரிய மேடை கிடைத்தால் என்ன செய்வது?" என்று யோசித்துத்தான் நான் அந்தப் பெரிய பெட்டியை வாங்கினேன். யோசித்திருக்கவே வேண்டாம். நம் ஊர்த் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் ஸ்பீக்கர் அடுக்கி, மிக்சர் வைத்து, ஒலியைக் கவனிப்பவர் மைக் செட்காரர். உங்கள் ஆம்ப்ளிபயரில் டி.ஐ. அவுட் என்ற மூன்று பின் சாக்கெட் இருந்தால், அங்கிருந்து ஒரு மைக் கேபிள் அவர் மிக்சருக்குப் போகும். கூட்டத்திற்குக் கேட்க வைப்பது அவர் பொறுப்பு. உங்கள் பெட்டி, நீங்களும் அருகில் நிற்பவர்களும் கேட்பதற்கு மட்டும். ஒலிப்பதிவு ஸ்டுடியோக்களிலும் பேஸ் கிடாரை இப்படி நேரடியாக மிக்சருக்கு அனுப்பிப் பதிவு செய்வது வழக்கமான முறைதான்.

ஆகவே ஆண்டிற்கு ஐந்து முறை வரும் மேடைக்காக வாங்காதீர்கள். ஐம்பது முறை வரும் ரிகர்சலுக்காக வாங்குங்கள்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கடைக்கு உங்கள் கிடாரையே எடுத்துச் செல்லுங்கள். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஏறக்குறைய ஒரே தூரம்தான். சென்னை செல்பவர்களுக்கு அண்ணா சாலையில் 1842ல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிகல் போன்ற கடைகள் உள்ளன. இணையக் கடையில் வாங்குவதாக இருந்தாலும், அதே மாடலை ஒரு முறை கையால் தூக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஒரு கையில் ஆம்ப்ளிபயர், தோளில் கிடார் என்று கடையின் மாடிப்படியில் ஒரு முறை ஏறி இறங்குங்கள். கடைக்காரர் சிரிப்பார். பரவாயில்லை. பஸ் படியில் ஏறப் போவது அவரல்ல. கைப்பிடி நடுவில் இருக்கிறதா, உள்ளங்கையை அறுக்கிறதா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

மின்னழுத்தத்தைப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வரும் பெட்டி 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நேராகச் செருகினால் அன்றே முடிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். என்பதால் எல்லாம் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று எண்ண வேண்டாம். பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

எர்த் மிக முக்கியம். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு, இரண்டு பின் சாக்கெட்டில் செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பேஸ் கிடாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிபயரின் எர்த்துடன் இணைந்திருக்கின்றன. எர்த் சரியில்லாத இடத்தில், கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் படும்போது ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து. ரிகர்சல் அறையின் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

இவற்றுடன், ஹெட்போன் சாக்கெட், ஆக்ஸ் இன் என்ற பாட்டு உள்ளீடு, டி.ஐ. அவுட் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டும் வீட்டில், மூன்றாவது மேடையில்.

கம்ப்யூட்டருடன் எப்படிப் பயன்படுத்துவது?

ஆக்ஸ் இன் உள்ள ஆம்ப்ளிபயரில், கம்ப்யூட்டரின் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து ஒரு கேபிளை இணைத்துவிட்டால், பாட்டு ஓட ஓட உடன் வாசித்துப் பழகலாம். ஆம்ப்ளிபயரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் இரவு 11 மணிக்கும் பயிற்சி செய்திடலாம். பக்கத்து வீட்டில் சண்டை வராது. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் பாட்டின் ஸ்வரம் மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்துக் கேட்கும் வசதி உண்டு. ஏ.ஆர்.ரகுமானின் பல பாடல்களுக்கு பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸின் விரல் நகர்வுகளை, முக்கால் வேகத்தில் கேட்டுத்தான் எங்கள் பேஸ் கிடார் பெண் பிடித்தாள்.

வாசிப்பதைப் பதிவு செய்ய, கேபிளை நேரடியாக மைக் சாக்கெட்டில் செருக வேண்டாம். அது மைக்கிற்காக அமைக்கப்பட்டது. அங்கே பேஸ் கிடாரின் ஒலி மங்கிப்போகும். யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று வாங்கி, அதில் இன்ஸ்ட் அல்லது ஹைஸீ என்று குறிக்கப்பட்ட சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

அப்படியானால் லேப்டாப்பையே ஆம்ப்ளிபயராக்கி, அதற்கான சாப்ட்வேர் போட்டு ரிகர்சலில் வாசிக்கலாமே என்று சிலர் கேட்கின்றனர். வீட்டில் ஹெட்போனுடன் செய்யலாம். ரிகர்சலில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, எப்படியும் ஒரு பெரிய ஸ்பீக்கர் வேண்டும். மற்றொன்று தாமதம். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில், பபர் அளவு 1024 என இருந்தால் அது மட்டுமே 23 மில்லி செகண்ட் தாமதம். ட்ரம்ஸ்காரரிடமிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போல. 256 என்று குறைத்தால் ஏறத்தாழ 6 மில்லி செகண்ட்; ஆனால் சாதாரண கம்ப்யூட்டர் அந்த வேகத்தில் திணறி டக் டக் என்று ஒலியை விழுங்கும். பேஸும் ட்ரம்ஸும் ஒன்றாக விழாவிட்டால் பாட்டே தள்ளாடும்.

எதிர்க் கருத்தும் உண்டு

எடை குறைந்த ஆம்ப்ளிபயர் வேண்டாம் என்று சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பழைய இரும்பு டிரான்ஸ்பார்மர் பெட்டி கெட்டுப்போனால், ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்பவரே திறந்து, கருகிய டிரான்சிஸ்டரை மாற்றித் தந்துவிடுவார். இன்றைய கிளாஸ் டி பெட்டியில் கடுகு போன்ற பாகங்கள் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் முழு போர்டினையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் எங்கே என்று கேட்டு, பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி இல்லாத செகண்ட் ஹேண்ட் கிளாஸ் டி பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

ஒலியில் அந்தப் பழைய கனம் இல்லை என்பதும் ஒரு குற்றச்சாட்டு. வால்வு ஆம்ப்ளிபயரின் ஒலிக்குத் தனி இனிமை உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. அதனை விரும்புபவர்கள், தூக்க ஆளும் ஏற்ற வண்டியும் இருந்தால் வாங்கட்டும். பஸ்ஸில் செல்லும் மாணவனுக்கு அந்த அறிவுரையைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

காதையும் கவனியுங்கள். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் கணக்கு. அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய அறையில் ட்ரம்ஸ் இந்த அளவைச் சாதாரணமாக எட்டும். ஆம்ப்ளிபயரைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசிக்காமல், ஒரு நாற்காலி மேல் ஏற்றிக் காது உயரத்திற்குக் கொண்டு வாருங்கள். பாதி வால்யூமே போதும் என்பது தெரியும். காதடைப்பான் வாங்கவும் தயங்காதீர்கள்.

எங்கள் குழுவில் இப்போது இருப்பது 10 கிலோ பெட்டி. அந்தப் பெண் அதனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறாள், காலடியில் வைத்துக்கொள்கிறாள். ஒரு ஞாயிறு கூடத் தவறவில்லை. முதலில் விலகிய தம்பியிடம் இந்தப் பெட்டியைக் காட்டினேன். தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதை அப்பவே வாங்கியிருக்கலாம்ணே" என்றான். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நீங்கள் ஒர்க்‌ஷீட் போட்டு ஒப்பிடுவதாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். விலை, வாட்ஸ், ஸ்பீக்கர் அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆனால் முதல் நெட்டு வரிசையில் எடையை எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், அதனைத் தூக்கப் போகிறவரின் பெயரையும் எழுதிவிடுங்கள்.